வாய் மூடும் அரிவாள்

எட்டுக்கை அம்மன் துணை

திருப்புலி நாடு, கொல்லிமலை
14.10.2024

சேந்தமங்கலம் கத்திப் பட்டறை ஷேக் பரீத் அவர்களுக்கு,

என் பெயர் நஞ்சம்மாள். பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியாது. போன மார்ச் மாதம் ஒரு மத்தியானம் உங்களுக்கு போன் போட்டு, "நீ அடிச்ச அரிவாள் எம்பட ஊட்டுக்காரரு வெரலத் துண்டாக்கிப் போட்டுது, உன்ற கை வெளங்காமப் போகும்" என்று கத்தினேனே, அந்தப் பொம்பளை என்றால் தெரியும்.

மறுபடி போனில் பேசினால் என் வாய் அடங்காது. அதனால்தான் கடிதம். சோளக்காடு சந்தையில் மிளகு ஏற்றிக்கொண்டு மலை இறங்கும் லாரிக்காரர் யுவராஜிடம் கொடுத்து விடுகிறேன். பதிலையும் அவரிடமே கொடுங்கள்.

விசயத்துக்கு வருகிறேன். எங்கள் காட்டில் சில்வர் ஓக் மரங்களின் மேல் மிளகுக்கொடி ஓடியிருக்கிறது. என் வீட்டுக்காரர் தனபால் மூங்கில் ஏணி வைத்து ஏறி, பழுத்த சரத்தைப் பறித்துப் போடுவார், காய்ந்த கொடியை அரிவாளால் கழிப்பார். அன்றைக்கு நான் கீழே சரம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். முதலில் என் காலடியில் அரிவாள் விழுந்தது. பிறகு அவர் விழுந்தார். ஆள்காட்டி விரலில் பாதி போய்விட்டது. எப்படி என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியவில்லை. திறந்த அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு மரத்தில் ஏறி இறங்கினால் இப்படித்தான் ஆகும் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

தை பிறந்ததும் அதே அரிவாளோடு ஏறுவேன் என்கிறார். அதைச் சாமைப் பானைக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். எத்தனை நாளைக்கு ஒளிக்க முடியும்?

இரண்டு வருசத்துக்கு முன்னால் சோளக்காட்டில் உங்களைப் பார்த்திருக்கிறேன். அது நீங்கள்தான் என்று பிறகு யுவராஜ் சொன்னார். ரோட்டோரம் நின்று ஒரு மடக்குக் கத்தியால் அன்னாசி சீவித் தின்றீர்கள். பித்தளைப் பூண் போட்ட கத்தி. தின்று முடித்ததும் டக்கென்று மடக்கி ஜிப்பா பாக்கெட்டில் போட்டுக்கொண்டீர்கள். எனக்கு எங்கள் மலை அரிவாளின் கொக்கி வாய் வேண்டும், உங்கள் ஊர்க் கத்தியின் மடங்குகிற உடம்பும் வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒரே சாமானாகச் செய்து கொடுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் அதன் வாய் மூடியிருக்க வேண்டும். முடியாது என்றால் முடியாது என்று எழுதுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம்.

நஞ்சம்மாள்


சேந்தமங்கலம்
22.10.2024

நஞ்சம்மாள் அவர்களுக்கு ஷேக் பரீத் எழுதுவது. நாங்கள் நலம். நீங்களும் வீட்டுக்காரரும் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன். கடிதத்தை இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று என் மனைவி தாஹிரா பீவி சொல்கிறாள். நான் ஆரம்பித்தது வேறு மாதிரி. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டாள்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நீங்கள் போன் போட்ட நாளிலிருந்து நான் ஒரு அரிவாள்கூட அடிக்கவில்லை. களைக்கொத்து அடிக்கிறேன், கடப்பாரை அடிக்கிறேன், கறிக்கடைக் கத்தி அடிக்கிறேன். அரிவாளுக்கென்று இரும்பைக் காய்ச்சினால் மட்டும் வலது கை மணிக்கட்டில் ஒரு நடுக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நரம்பு டாக்டரிடம் காட்டினேன். கையில் ஒன்றுமில்லை என்றார். முப்பது வருசத் தொழிலில் வாடிக்கையாளர் திட்டுவது புதிதல்ல. கையைச் சொல்லித் திட்டியது நீங்கள் ஒருவர்தான்.

இனி நீங்கள் கேட்ட சாமான். மடக்குக் கத்தியின் பிடி நேரானது, அதற்குள் படுக்கிற அலகும் நேரானது. உங்கள் மலை அரிவாளுக்கோ மூக்கு வளைவு. நேரான பிடிக்குள் அதை மடக்கினால் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், இறங்கும்போது தொடையைக் கிழிக்கும். ஆகவே முடியாது.

முடியாது என்று எழுதிவிட்டேனே தவிர, நான்கு நாளாகச் சாப்பாட்டுத் தட்டில் விரலால் அரிவாள் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தாஹிரா தட்டைப் பிடுங்கிக்கொள்கிறாள். எதற்கும் வீட்டுக்காரரின் கையைத் தாளில் வைத்துச் சுற்றி வரைந்து அனுப்புங்கள். செய்து தருவதாக நான் சொல்லவில்லை. அளவு கையில் இருக்கட்டும்.

ஷேக் பரீத்


திருப்புலி நாடு
3.11.2024

பரீத் பாய்க்கு,

கை வரைந்த தாள் இத்துடன் இருக்கிறது.

எதற்கு என்று கேட்டார். கையுறை வாங்க என்றேன். "அரிவாள ஒளிச்சு வெச்சவ கையுறை வாங்கித் தருவாளாக்கும்" என்று சிரித்தார். சரி, நான் வரைகிறேன், கையைக் கொடுங்கள் என்றால் கொடுக்கவில்லை. விரல் போனதிலிருந்து கையைத் தொட விடுவதில்லை. பென்சிலை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்த் தானே வரைந்து கொண்டுவந்து போட்டார். குறைந்த விரல் தாளில் அப்படியே தெரியும்.

நடுக்கம் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. அதற்காகச் சொன்ன வார்த்தையை இப்போது திரும்ப எடுத்துக்கொள்ள என்னால் ஆகாது, பொய்யாக எடுத்தால் உங்களுக்கும் பிரயோசனம் இல்லை. அவர் நல்லபடியாக மரத்தில் ஏறி இறங்கட்டும். அப்புறம் பார்க்கலாம்.

வீட்டில் அவரோடு தினமும் சண்டைதான். "மரத்து மேல இருக்கறப்ப கவனம் எங்கீங்க போச்சு?" என்று கேட்பேன். எழுந்து காட்டுக்குப் போய்விடுவார். கொடி இந்த வருசம் நன்றாகப் பிடித்திருக்கிறது. தைக்கு இன்னும் இரண்டு மாசம்தான்.

நஞ்சம்மாள்


சேந்தமங்கலம்
8.12.2024

நஞ்சம்மாள் அவர்களுக்கு,

மடங்கிவிட்டது.

அட்டையில் பதினோரு மாதிரி வெட்டி பதினொன்றையும் அடுப்பில் போட்டேன். பன்னிரண்டாவது நாள் தாஹிரா வெண்டைக்காய் அரிந்துகொண்டிருந்தாள். அதில் நுனி வளைந்த காய் ஒன்று கிடந்தது. இத்தனை நாளும் அலகை நிமிர்த்தப் பார்த்தேனே தவிர, பிடியை வளைக்க வேண்டும் என்று இந்த மண்டைக்கு எட்டவில்லை. பிடியும் அலகு போலவே வளைந்திருந்தால் மூக்கு உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறது. தாஹிரா இப்போது தான்தான் கத்தி செய்ததாகத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அலகு லாரி ஸ்பிரிங் பட்டை இரும்பு. பிடிக்குக் கொம்பு போட்டால் மழையில் வழுக்கும். யுவராஜ் கொண்டுவந்த உங்கள் மலைப் பலா வைரக்கட்டையையே போட்டேன். முதுகில் ஒரு பித்தளை வளையம் உண்டு. அதை இழுத்தால்தான் அலகு மடங்கும், இழுக்காமல் யார் அமுக்கினாலும் மடங்காது. கட்டைவிரலுக்கு ஒரு குழி போட்டிருக்கிறேன். மற்றக் கையால் கொடியைப் பிடித்துக்கொண்டே திறந்து மூடலாம். எல்லாம் தாளில் இருக்கிற கைக்கு அளவெடுத்தது. பொங்கலுக்குள் வந்துவிடும்.

கை நடுங்கியதா என்றால், நடுங்கியது. நடுங்க நடுங்கத்தான் அடித்தேன். பத்து அடி, ஒரு ஓய்வு, மறுபடி பத்து அடி.

ஒரு சந்தேகம் கேட்க நினைத்தேன். வேண்டாம், கேட்டால் கோபித்துக்கொள்வீர்கள்.

ஷேக் பரீத்


திருப்புலி நாடு
10.1.2025

ஷேக் பரீத் அவர்களுக்கு,

கத்தி வந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு நன்றாக இருந்தது.

அவர் கையில் வாங்கித் திறந்து பார்த்தார். கட்டைவிரல் குழி கைக்கு எட்டவில்லை. விரலை வளைத்துத் திருகித் திறந்தால், மூடும்போது அந்த வளையம் உள்ளங்கைச் சதையைக் கவ்வுகிறது. நான்கு தடவை பார்த்துவிட்டுக் கட்டில் மேல் போட்டார். "பாய்க்கு உன்ற மேல இருக்கற கோவம் இன்னும் தீரல போல" என்றார். அதோடு விட்டாரா? "இதெல்லாம் ஆகாது, பொங்கல் கழிச்சு நான் அரிவாளோடவே ஏறறேன்" என்று பானை பானையாகத் தேடிச் சாமைப் பானையைக் கண்டுபிடித்துவிட்டார்.

அவர் காட்டுக்குப் போன நேரத்தில் அந்த அரிவாளையும் எடுத்துச் சாக்கில் சுற்றி உங்கள் கத்தியோடு சேர்த்து அனுப்பிவிட்டேன். உங்கள் பட்டறையில் பிறந்த இரண்டையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் காட்டு அர்த்தனாரியிடம் அரிவாள் இரவல் கேட்டிருக்கிறார் என்று இப்போதுதான் காதில் விழுந்தது. இனி நான் எதைப் பிடுங்கி எங்கே ஒளிப்பேன்?

மூன்று மாசம் உங்களை நம்பினேன்.

நஞ்சம்மாள்


சேந்தமங்கலம்
13.1.2025

நஞ்சம்மாள் அவர்களுக்கு,

அவசரம். காலையிலிருந்து போன் போடுகிறேன், மணியே போகவில்லை. யுவராஜ் போகி நாளென்றும் பார்க்காமல் வெறும் லாரியை எடுத்துக்கொண்டு வருகிறார். உங்கள் வீட்டுக்காரர் எந்தக் கையால் வெட்டுவார்?

பழைய அரிவாளைப் பார்த்தேன். ஆறு வருசம் பிடித்துப் பிடித்துப் பிடியில் கட்டைவிரல் பதிந்த பள்ளம், இருக்க வேண்டிய பக்கத்தில் இல்லை. எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது.

எங்கள் அரிவாளுக்கு ஒரு பக்கம்தான் சாணை பிடிப்போம், மறுபக்கம் தட்டையாக இருக்கும். வெட்டும்போது அது தட்டைப் பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும். வலது கையால் பிடித்தால், கொடியைப் பிடித்திருக்கும் கையை விட்டு விலகிப் போகும். இடது கையால் பிடித்தால், கொடி பிடித்த கையைத் தேடி வரும்.

நீங்கள் அனுப்பிய தாளில் இருப்பது விரல் குறைந்த வலது கை. அதுதான் அரிவாள் பிடிக்கும் கை என்று எடுத்துக்கொண்டு கத்தி செய்தேன். அரிவாள் பிடித்த கையை அதே அரிவாள் எப்படி வெட்டும்? அன்றைக்குக் கேட்க நினைத்த சந்தேகம் இதுதான். உங்களுக்குப் பயந்து கேட்காமல் விட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அரிவாளை முதல் முதலாக வாங்க வருகிறவர் முன்னால் அதைப் பலகையில் வைத்து, எந்தக் கை நீட்டி எடுக்கிறார் என்று பார்த்துத்தான் கொடுப்பது எங்கள் பட்டறை வழக்கம். உங்களுடையதை ஆளைப் பார்க்காமல் லாரியில் கொடுத்தனுப்பினேன். அது என் தப்பு. நீங்கள் திட்டியது நியாயம்தான் என்று இன்றைக்குத் தெரிகிறது.

அர்த்தனாரியின் அரிவாளும் இங்கே அடித்ததுதான். அதோடு அவரை ஏற விடாதீர்கள்.

ஷேக் பரீத்


திருப்புலி நாடு
16.1.2025

பரீத் பாய்க்கு,

நொட்டாங்கை. அவர் வெட்டுவது இடது கையால்தான்.

யுவராஜ் வந்து நின்றபோது இவர் வாசலில் உட்கார்ந்து அர்த்தனாரியின் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். கொடி பிடித்த கையைத் தேடி வரும் என்ற இடத்தில் தீட்டுவதை நிறுத்தினார். "மறுக்காப் படி புள்ள" என்றார். படித்தேன். "அப்படித்தான் வந்துச்சு. நான் தள்ளத் தள்ள அது இந்தப் பக்கமாவே வந்துச்சு. சொன்னா நீ நம்ப மாட்டேன்னு சொல்லல" என்றார்.

பாய், இத்தனைக்கும் எனக்குத் தெரியாமல் இல்லை. சாப்பிடுவது, விபூதி பூசுவது, மொய் கொடுப்பது எல்லாம் சோத்தாங்கையால். சின்ன வயசில் சூடு வைத்துப் பழக்கியிருக்கிறார்கள். காட்டு வேலை மட்டும் நொட்டாங்கை. என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட அதை மறைத்துவிட்டார்கள். கல்யாணமாகி ஒரு மாசம் கழித்து மண்வெட்டி பிடிப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வெளி ஆளுக்கு எழுதுகிற விசயமா இது என்று நானும் எழுதாமல் விட்டேன். பென்சிலையும் அவர் நொட்டாங்கையால்தான் பிடிப்பார். அந்தக் கையால் பென்சில் பிடித்தால் வரைவது சோத்தாங்கையைத்தானே? தாளைப் பார்த்தபோது, அளவுதானே, எந்தக் கையாக இருந்தால் என்ன என்று மடித்து அனுப்பிவிட்டேன். உங்கள் மூன்று மாச வேலையைக் கெடுத்தது நான்தான்.

அவர் இத்தனை நாள் மனசில் என்ன வைத்திருந்தார் தெரியுமா? நொட்டாங்கையால் வேலை செய்ததற்குச் சாமி விரலை எடுத்துக்கொண்டது என்று நினைத்திருக்கிறார். இனி சோத்தாங்கையால்தான் வெட்டுவது என்று கொட்டகைக்குள் ஒளிந்து வாழைமட்டையை வெட்டிப் பழகியிருக்கிறார். பாதி விரலை வைத்துக்கொண்டு அது வசப்படவில்லை, விட்டுவிட்டார். நானோ கவனமில்லை, கவனமில்லை என்று பத்து மாசமாக அவரைக் குத்திக்கொண்டே இருந்தேன். "தப்பு எம்மேலதானுங்க" என்றேன். அழுதுவிட்டார். நானும் அழுதேன். யுவராஜ் பாவம், வைத்த காப்பியைக் குடிக்காமலே போய்விட்டார்.

பொங்கலன்று எட்டுக்கை அம்மன் கோயிலுக்குப் போனோம். சாமி முன்னால் நின்றுகொண்டு, "எட்டுக் கை வெச்சிருக்குது, இதுல எது நொட்டாங்கைன்னு எவனாச்சும் கேக்கறானா பாரு" என்று என் காதில் சொன்னார். பூசாரி முறைக்கிற அளவுக்குச் சிரித்துவிட்டேன். அவர் வேடிக்கை பேசிப் பத்து மாசம் ஆயிற்று.

இத்துடன் நொட்டாங்கை வரைந்த தாள். இந்தமுறை நான்தான் வரைந்தேன். கையைக் கொடுத்தார். கொடியில் பாதிக்கு மேல் பழுத்துவிட்டது, குருவி கொத்துகிறது. நீங்கள் அனுப்பும்வரை ஏறமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். மறுபடி செய்ய முடியுமா?

நஞ்சம்மாள்


சேந்தமங்கலம்
4.2.2025

தங்கச்சி நஞ்சம்மாளுக்கு,

இத்துடன் கத்தி. குழி, வளையம், சாணை மூன்றும் பக்கம் மாறியிருக்கிறது. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு மீசை வெட்டுவது போல இருந்தது வேலை. மூன்று தடவை பழக்கதோஷத்தில் பழைய பக்கத்துக்கே சாணை பிடிக்கப் போய்விட்டேன். தாஹிரா எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அந்தப் பக்கம், அந்தப் பக்கம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

என் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நடுக்கம் முழுதாக நின்றுவிட்டது என்று எழுதினால் பொய். பத்து அடிக்கு ஓய்வு எடுத்தவன் இப்போது நாற்பது அடிக்கு ஓய்வு எடுக்கிறேன். என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் இருந்தபோதுதான் அதிகம் நடுங்கியது. தெரிந்த பிறகு வருத்தம் இருக்கிறது, ஆனால் தூக்கம் வருகிறது.

ஏறுவதற்கு முன்னால் கீழே வைத்து இருபது தடவை திறந்து மூடிப் பழகச் சொல்லுங்கள். ஏறிய அன்று எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். எதுவானாலும் எழுதுங்கள்.

ஷேக் பரீத்


திருப்புலி நாடு
12.2.2025

பரீத் அண்ணனுக்கு,

ஏறி இறங்கிவிட்டார். முதலில் அதை எழுதிவிடுகிறேன். முழுசாக இறங்கிவிட்டார்.

கத்தி வந்த அன்று இருபது தடவை இல்லை, இருநூறு தடவை திறந்து மூடியிருப்பார். சோறு போட்டால் ஒரு கையில் சோறு, ஒரு கையில் டக், டக். காது வலிக்கிறது, நிறுத்துங்கள் என்று நானே சொல்லிவிட்டேன்.

நேற்றுக் காலை பனி விலகியதும் ஏறினார். நான் கீழே நின்றேன். மேலே பார்க்கத் தைரியம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் கொடுத்தேன். டக் என்றால் திறக்கிறார். கொடி விழும். டக் என்றால் மூடுகிறார். அதற்கப்புறம்தான் ஏணியில் கால் மாறும் சத்தம். ஆறு மரம். ஒரு தடவைகூட மூடாமல் கால் எடுக்கவில்லை அண்ணா. ஆறாவது மரத்தில் மூடுகிற சத்தம் கேட்டதும் நான் அப்படியே சரத்து மேல் உட்கார்ந்துவிட்டேன். இறங்கி வந்து, "ஏஞ்சாமி, மொளகு மேல உக்காந்துட்டயே" என்றார். அவருடைய இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பார்க்க விட்டார்.

கூலியையும் நேற்றுப் பறித்ததில் ஒரு படி மிளகையும் யுவராஜிடம் கொடுத்திருக்கிறேன். மிளகு தாஹிரா அண்ணிக்கு, இரண்டு நாள் வெயிலில் போடச் சொல்லுங்கள். முதலில் செய்த சோத்தாங்கைக் கத்தியை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம், எனக்கு அனுப்புங்கள். தாழ்ந்த கொடியை இனி நானும் வெட்டுவதாக இருக்கிறேன்.

அன்றைக்கு உங்கள் கையைச் சொல்லித் திட்டினேனே, அதை இந்தக் கடிதத்திலேயே திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் மனசு ஒப்பவில்லை. போனில் சொன்னதைப் போனில்தான் எடுக்க வேண்டும், என் வாயால் சொல்லி உங்கள் காதில் விழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு சோளக்காட்டில் டவர் கிடைக்கிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டு போன் போடுகிறேன். இந்தத் தடவை பயப்படாமல் எடுங்கள்.

நஞ்சம்மாள்